புதன்கிழமை ஊசிக்கு வரும் தாயிடம் கேட்க வேண்டிய கேள்வி

புதன்கிழமை காலையில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கைக்குழந்தைகளின் அழுகை வாசலிலேயே கேட்கும். தமிழ்நாட்டில் புதன் என்றால் ஊசி நாள். பிறந்து ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என மூன்று முறை குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, தடுப்பூசி அட்டையோடு வரிசையில் உட்கார வேண்டும். எடை பார்ப்பார்கள், தொடையில் ஊசி போடுவார்கள், வாயில் சொட்டு மருந்து விடுவார்கள், காய்ச்சல் வந்தால் என்ன கொடுப்பது என்று சொல்வார்கள். "பால் நல்லா குடிக்கிறானா? வெளிக்குப் போறானா?" என்று செவிலியர் கேட்பார். "குடிக்கிறான் சிஸ்டர், போறான் சிஸ்டர்." அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

என் தங்கையோடு அப்படி ஒரு புதன்கிழமை நானும் போயிருந்தேன். கேட்ட எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னாள். திரும்பும்போது ஆட்டோவில் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, வெளியே பார்த்தபடி, "இவனை நீயே வெச்சுக்கோக்கா. எனக்கு வேண்டாம்" என்றாள். தூக்கமில்லாத அலுப்பில் பேசுகிறாள் என்று நினைத்தேன். "ரெண்டு மாசம் போனா சரியாயிடும்டி" என்று சொல்லிவிட்டேன். அவளை மருத்துவரிடம் அழைத்துப் போக அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரத்தை இன்னும் என்னால் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நம் ஊருக்குப் புதிது கிடையாது, அபூர்வமும் கிடையாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் அந்த மாவட்டத்துக் கிராமப்புறக் கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் சந்தித்துப் பேசி, பிரசவம் முடிந்த பிறகும் போய்ப் பார்த்து, 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 100-க்கு 11 பேர். கர்ப்ப காலத்திலேயே சோர்ந்திருந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, 100 தாய்மாரில் 22 பேர் என்று கணக்குச் சொன்னது. அளந்த விதம் ஆய்வுக்கு ஆய்வு வேறு. குறைந்த கணக்கை எடுத்தாலும், ஊசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரில் ஒருத்தி இதைச் சுமந்துகொண்டு இருக்கிறாள்.

வேலூர் ஆய்வில் எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் கண்ட காரணங்கள். வீட்டில் வருமானம் குறைவு. மகன் வேண்டும் என்று காத்திருந்த இடத்தில் மகள் பிறந்தது. மாமியாரோடு மனக்கசப்பு, பெற்றவர்களோடும் மனக்கசப்பு. கர்ப்பமாக இருந்தபோது வந்த சாவு, கடன், பிரிவு போன்ற அடிகள். வீட்டு வேலையில் கூடமாட உதவ ஆள் இல்லாதது. படித்துப் பாருங்கள், எல்லாமே நமக்குத் தெரிந்த வீடுகள். உடம்புக்குள்ளும் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. கர்ப்பத்தில் பல மடங்கு ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் பிரசவமான சில நாட்களிலேயே சட்டென்று இறங்கிவிடும். ஆனால் அந்த இறக்கம் எல்லாத் தாய்க்கும் நடப்பதுதான். ஒருத்தி சமாளித்து எழுவதும் இன்னொருத்தி அதில் விழுவதும் பாதிக்குமேல் அவளைச் சுற்றி இருப்பதைப் பொறுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிரசவ காலத்தில் நம் பெண்கள் தனியாக இருப்பதில்லையே, வீடு நிறைய ஆள் இருக்கிறார்களே, அப்புறம் எப்படி இது வரும் என்று கேட்கிறார்கள். ஆள் இருப்பது உண்மைதான். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்தவள் மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேயே இருப்பாள். பச்சை உடம்பு என்று தண்ணீரில் கைவைக்க விடமாட்டார்கள். பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, வெந்நீர் ஊற்றி விடுவது எல்லாம் நடக்கும். இது பெரிய பாதுகாப்பு, இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் கவனிப்பு முழுவதும் உடம்புக்கும் பாலுக்கும். பார்க்க வருகிறவர்கள் தொட்டிலைப் பார்த்துவிட்டு, "பால் போதுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இத்தனை பேர் இவ்வளவு செய்யும்போது "எனக்குச் சந்தோஷமாகவே இல்லை" என்று எப்படிச் சொல்வது என்றே அவள் வாயை மூடிக்கொள்கிறாள். இன்னொரு பக்கம், தாய் இல்லாதவள், காதலித்து மணந்ததால் பிறந்த வீட்டில் சேர்க்கப்படாதவள், புருஷன் வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்து ஒற்றை அறையில் இருப்பவள் ஆகியோருக்கு அந்தப் பூண்டுக் குழம்பும் கிடையாது.

அரசுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு 2018–20-இல் 54 ஆகக் குறைந்திருந்தது. ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை என்று ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து எண்ணியதால் வந்த முன்னேற்றம் இது. அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் இல்லாத கர்ப்பிணி இங்கே கிடையாது என்று சொல்லலாம். இவ்வளவு தூரம் ஒரு பெண்ணைப் பின்தொடரத் தெரிந்த அமைப்புக்கு, அவள் மனதைப் பற்றி ஒரு வரி கேட்டு அட்டையில் எழுதுவது கடினமான வேலை கிடையாது. பக்கத்துக் கேரளத்தில் தாய்மார் மனநலத்துக்கென்றே 'அம்மா மனசு' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

எது சாதாரணம், எது நோய்

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். ஒரு நிமிடம் சிரிப்பு, அடுத்த நிமிடம் எரிச்சல். பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு இது வருகிறது. மருத்துவர்கள் இதை 'பேபி ப்ளூஸ்' என்பார்கள். தூக்கமும் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். மருந்து தேவையில்லை.

இரண்டு வாரம் கடந்தும் போகவில்லை என்றால் கதை வேறு. சிலருக்கு அது பிரசவமான சில வாரங்களில் தொடங்கும், சிலருக்கு மூன்று நான்கு மாதம் கழித்து மெல்ல வரும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை எப்போது வந்தாலும் இந்தக் கோணத்தில் யோசிக்க வேண்டும். "மனச்சோர்வு" என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "தலை பாரமா இருக்கு", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "கை கால் அசதி", "பசியே இல்ல" என்றுதான் சொல்வார்கள். குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராது. இது முக்கியமான அடையாளம். எல்லாத் தாயும் தூக்கமில்லாமல்தான் இருக்கிறாள், ஆனால் படுக்க நேரம் கிடைத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுவாள். மனச்சோர்வில் இருப்பவள் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தைமேல் ஒட்டுதல் வரவில்லை என்பாள், அல்லது அதைச் சொல்லப் பயந்து எல்லாக் கடமையையும் இயந்திரம்போல் செய்துகொண்டிருப்பாள். சிலருக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம் வரும். "நான் செத்துட்டா இந்தக் குழந்தைக்கு வேற நல்ல அம்மா கிடைப்பா" என்ற எண்ணம் வந்தால் அது உடனே பார்க்க வேண்டிய நிலை.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்கள் மிகவும் மறைப்பது இதைத்தான். மாடிப்படியில் இறங்கும்போது குழந்தை கையிலிருந்து விழுவதுபோல, குளிப்பாட்டும்போது தண்ணீரில் நழுவுவதுபோல, தானே அதற்கு ஏதோ செய்துவிடுவதுபோலத் திடீரென்று ஒரு காட்சி மனதில் பாயும். அந்தத் தாய் நடுங்கிப்போவாள். கத்தியை ஒளித்துவைப்பாள், குழந்தையைக் குளிப்பாட்ட மறுப்பாள், தனியாக இருக்கப் பயப்படுவாள். வெளியே சொன்னால் "இவள் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாள்" என்று பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று வாயே திறக்கமாட்டாள். இப்படிக் கேட்காமலே வந்து பயமுறுத்தும் எண்ணங்கள் புதுத் தாய்மார் பலருக்கும் வருகின்றன. எண்ணத்தைக் கண்டு அவளே அருவருத்து நடுங்குவதுதான், அவள் அதைச் செய்ய விரும்பவில்லை என்பதற்கு அடையாளம். மனநல மருத்துவர்கள் இதை நிறையக் கேட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதற்காக உங்களைக் கெட்ட தாய் என்று அவர்கள் எழுதமாட்டார்கள். சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

மூன்றாவது நிலை வேறு வகை. ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தலைகீழாக மாற்றம் வரும். தூக்கமே இல்லாமல் விடிய விடியப் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, குழந்தை தன்னுடையது இல்லை என்பது, அது தெய்வம் அல்லது பேய் என்று நம்புவது, நேரம் இடம் குழம்புவது. இவளுக்கு அந்த எண்ணங்கள் தவறாகவே தோன்றாது, முழுக்க நம்புவாள். இதற்குப் பெயர் பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்). காத்து கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போய் இரண்டு நாள் வீணாக்கும் இடம் இதுதான். தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம். கூடவே காய்ச்சல், வலிப்பு இருக்கிறதா என்றும் சொல்லுங்கள், கிருமித்தொற்றும் ரத்த அழுத்தமும்கூட இப்படிப் பிதற்ற வைக்கும். பயமுறுத்தும் நோயாகத் தெரிந்தாலும், சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். முன்பே இருமுனை மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்தவர்களுக்கும் முதல் பிரசவத்தில் இப்படி வந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அவர்கள் கர்ப்பமாக இருக்கும்போதே மனநல மருத்துவரைப் பார்த்துத் திட்டம் போட்டுவைப்பது நல்லது.

எங்கே போவது

மனநலம் என்றதும் பலருக்கும் கீழ்ப்பாக்கம்தான் நினைவுக்கு வருகிறது, உடனே பயம். நிஜத்தில் முதல் கதவு அவ்வளவு தூரத்தில் இல்லை. கிராமத்தில் என்றால் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பம் பதிவானதிலிருந்து உங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் அவர். அவரிடமும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும், பிரசவம் பார்த்த மகப்பேறு மருத்துவரிடமும் இதைச் சொல்லலாம். ஊசிக்குப் போகும் அதே புதன்கிழமையிலேயே சொல்லலாம். வீட்டில் யாருக்கும் தனியாக விளக்கம் கொடுக்காமல் வெளியே வர முடிகிற நாள் சில பெண்களுக்கு அது ஒன்றுதான்.

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இயங்குகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உண்டு. மற்ற பிரிவுகளுக்குப் போவதுபோலவே ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் பணம் இல்லை. மாவட்டத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். உங்கள் பகுதிக்கு எந்தக் கிழமை என்று செவிலியரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. 14416 என்ற எண் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கியது. இரவும் பகலும் இயங்கும், இலவசம், தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார், நேரில் போக வேண்டிய இடத்தையும் சொல்வார். தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா அமைப்பும் தொலைபேசியில் பேசுகிறது. வீட்டில் அடி உதை இருந்தால், மனச்சோர்வுக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. பெண்கள் உதவி எண் 181 அதற்கானது. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926-ஐ அழைக்கலாம். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் மனம் விட்டுச் சொல்லலாம்.

போனில் என்ன சொல்வது என்று திகைத்துப் பலர் வைத்துவிடுகிறார்கள். நீளமாக எதுவும் வேண்டாம். "எனக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று வாரமாகத் தூக்கமில்லை, அழுகையாக வருகிறது, குழந்தையைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை." இந்த இரண்டு வரி போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள். அவளால் பேச முடியாவிட்டால் கணவனோ அக்காவோ அழைத்துப் பேசலாம், அதற்கும் பதில் சொல்வார்கள்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் பேசுவார். பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். எடின்பரோ அளவுகோல் என்று பெயர். ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 1987-இல் வெளியிட்டது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, பயமாக இருந்ததா என்று போகும். பத்தாவது கேள்வி, உங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. தமிழிலும் மொழிபெயர்த்து, வேலூரில் சோதித்து, 2005-இல் வெளியிட்டிருக்கிறார்கள். இதில் வரும் மதிப்பெண் நோய் என்று முடிவு சொல்லாது, மேலும் விசாரிக்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவே. சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று வீட்டில் பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்கப்பட்ட பெண் பெரும்பாலும் மூச்சு விடுகிறாள், கடைசியில் ஒருத்தராவது கேட்டார்களே என்று.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டும் தடுமாறும். இரண்டுமே அசதி, எரிச்சல், சோர்வு என்று மனச்சோர்வின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தார்களா என்று நீங்களே கேளுங்கள். முன்பு எப்போதாவது மனநலப் பிரச்சினை வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தரும் மருந்தே அதைப் பொறுத்து மாறும்.

லேசான சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கும். பெரிய நகரத்துப் பெரிய மருத்துவமனையில்தான் அது நடக்கும் என்றில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் மருத்துவர் ஆதிப் ரஹ்மானின் குழு, வீடு வீடாகப் போகும் சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே இந்தப் பேச்சுமுறையைக் கற்றுக்கொடுத்தது. கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வில் இருந்த பெண்களை அவர்கள் தொடர்ந்து பார்த்துப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு மிச்சமிருந்தது, சாதாரண வீட்டுச் சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். 2008-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கு நம் கிராம சுகாதார செவிலியர்தான் நினைவுக்கு வந்தார். அவருக்கு ஏற்கனவே தலைக்கு மேல் வேலை, பதிவேடு, செயலி. இதையும் அவர் தலையில் கட்டுவதென்றால் வேறு சுமை குறைய வேண்டும். ஆனால் ஆளை வெளியே தேட வேண்டியதில்லை.

சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரை வேண்டும். இங்கேதான் வீட்டில் பெரிய சண்டை வருகிறது. "பால் கொடுக்கிறவ மாத்திரை போடலாமா? பிள்ளைக்கு மந்தம் வந்துடும்" என்பார்கள். பாலூட்டும் தாய்க்குத் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. செர்ட்ரலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே போவதால் மருத்துவர்கள் பெரும்பாலும் அதையே முதலில் எடுப்பார்கள். பால் கொடுக்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவர் எழுதியதைப் போடலாம். வேறு யாருக்கோ எழுதிய மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது. போட்ட மறுநாளே சரியாகாது, இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் குமட்டல், தலைவலி வரலாம். பலர் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள், பிறகு மெல்லக் குறைப்பார்கள். இவை போதை மாத்திரை கிடையாது, பழகிப்போய் வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொள்ளவும் மாட்டோம். ஒருவேளை மருந்தால் பால் கொடுக்க முடியாமல் போனாலும், தேறிய அம்மா குழந்தைக்குப் பாலைவிடப் பெரிய பலம்.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்பது அடுத்த பயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம், அப்போதும் தாய் கண்காணிப்போடு குழந்தையைப் பார்க்க வழி இருக்க வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே, 2009-இல், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் தனி வார்டைத் தொடங்கியது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது எட்டும் தூரம். நம் மாவட்ட மருத்துவமனைகளிலும் நான்கு கட்டிலாவது அப்படி வேண்டும். இதை நாம் உரத்துக் கேட்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள்

ஆறுதல் வார்த்தைகளைவிட அவளுக்கு முதலில் தேவை தூக்கம். விடாமல் நான்கைந்து மணி நேரத் தூக்கம். இரவு பத்துக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும். மூன்று மணி வரை குழந்தை கணவனிடமோ பாட்டியிடமோ இருக்கட்டும். நடுவில் பசித்தால் முன்பே எடுத்துவைத்த பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். பிரசவத்துக்கு மனைவியைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழத்தோடு வந்து போகும் கணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாரம் இரண்டு இரவாவது தங்குங்கள். குழந்தையின் அழுகை எத்தனை மணிக்கு வருகிறது என்று உங்களுக்கும் தெரியட்டும். அப்பாக்களுக்கும் இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருவதுண்டு, அதற்கும் அதே 14416 இருக்கிறது.

"நாங்க அஞ்சு பெத்தோம், இப்படியா படுத்துக்கிட்டோம்" என்ற பேச்சு அவளை இன்னும் உள்ளே தள்ளும். ஐந்து பெற்ற அந்தக் காலத்திலும் இது இருந்தது, வேறு பெயரில், அல்லது பெயரே இல்லாமல். மகள் பிறந்த வீட்டில், அடுத்தது பையன்தான் என்று வருகிறவர்கள் தொட்டிலருகே நின்று சொல்வதைத் தடுக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அது மாமியாராக இருந்தால் இன்னும் நல்லது. குழந்தையை இழந்து வெறும் கையோடு திரும்பிய தாயையும் மறந்துவிடக்கூடாது. ஊசி வரிசை அவளுக்குக் கிடையாது, யாரும் அட்டையில் தேதி போட்டு அவளை வரச்சொல்வதில்லை. பால் கட்டிய மார்போடு அவள் வீட்டில் இருக்கிறாள். செவிலியர் போய்ப் பார்க்க வேண்டிய முதல் வீடு அது.

என் தங்கைக்கு மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, குழந்தை தும்மியதைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தார். ஆனால் அதன் பிறகுதான் கவனமாக இருக்க வேண்டிய கட்டம் வந்தது. ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் நாள். அதுவரை கிடைத்த உதவி எல்லாம் ஒரே நாளில் நின்று, சமையலும் துணியும் குழந்தையும் மாமியார் வீட்டு எதிர்பார்ப்பும் ஒன்றாக வந்து சேரும். கொஞ்சம் தேறியவர்கள் திரும்ப விழுவதும், அதுவரை சமாளித்தவர்களுக்குப் புதிதாக வருவதும் இந்த வாரங்களில் நடக்கலாம். நாங்கள் அவளை அனுப்புவதற்கு முன்பே அவள் கணவனை மருத்துவரிடம் அழைத்துப் போய்ப் பேச வைத்தோம். மாமியாரிடம் அம்மாவே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், மாத்திரையை மறைத்துவைத்துப் போட வேண்டிய நிலை அவளுக்கு வரக்கூடாது என்று. தொட்டில் சேலை, கொலுசு, பட்டுச் சட்டை, சீர்த் தட்டு என்று கட்டிய மூட்டைகளோடு, ஓ.பி. சீட்டும் ஒரு மாத மாத்திரையும் அடுத்து வரவேண்டிய தேதியும் வைத்த ஒரு சின்னப் பையை அவள் கையிலேயே கொடுத்தேன்.